சம்பந்தியைப் பிடித்துக் கொடுத்தவர்

துரைக்கண்ணு வேலையில் இருந்த காலத்தில் எந்த மனிதனையும் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. கையைத்தான் பார்ப்பார். விழுப்புரம் ஜங்ஷனில் கேட் ஓரமாக நின்றுகொண்டு, வருகிறவன் கையில் டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதே அவர் பிழைப்பு. அந்தப் பழக்கம் வீட்டிலும் போகவில்லை. கெங்கம்மாள் எதிரே வந்து நின்றால் அவள் கையில் காப்பி இருக்கிறதா, சோறு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஒன்றும் இல்லையென்றால் அவள் வந்ததே அவருக்குத் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் அவரை ரிட்டயர் பண்ணி அனுப்பினார்கள். ஒரு மாலை, ஒரு தட்டு ஆரஞ்சு, பெரியவர் ஒருவர் இங்கிலீஷில் பேசிய நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தையை அவர் கீழ்ப்பெரும்பாக்கத்து வீட்டுக்கு வந்து நாற்பதாக்கி, தெருவில் நானூறாக்கினார். தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கறுப்புக் கோட்டு மட்டும் எங்கேயோ தொலைந்துபோய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஊரில் இருக்கிற திருடர்களையெல்லாம் பிடித்த மனிதர் கடைசி நாளில் செய்த காரியம் இது.

கெங்கம்மாளுக்கு ஓர் ஆசை இருந்தது. உழைத்துக் களைத்தவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு ஃப்ரீ பாஸ் உண்டு, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஒரு தடவை ராமேஸ்வரம் போய்வரலாமே என்று கேட்டாள்.

"ராமேஸ்வரத்துல என்னாடி இருக்குது? உப்புத் தண்ணி. அத்த மரக்காணத்துலயே பாத்துக்கலாம்" என்றார் துரைக்கண்ணு. மரக்காணத்துக்கும் அழைத்துப் போகவில்லை.

ஓய்வுபெற்ற பெரிய மனிதன் சும்மா இருக்கக் கூடாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். முதலில் தோட்டம் என்றார். தோட்டமென்றால் கத்தரி, வெண்டை இல்லை. அதெல்லாம் பட்டிக்காட்டான் போடுவது. துரைமார் பங்களாவில் இருக்கிற குரோட்டன்ஸ். தொட்டி தொட்டியாக வாங்கி வைத்தார், தண்ணீர் சுமந்தவள் கெங்கம்மாள். ஒரு நாள் வாசல் படலைத் திறந்து போட்டுவிட்டு அவரே வெளியே போனார், பக்கத்து வீட்டு ஆடு வந்து எல்லாவற்றையும் வழித்து வைத்துவிட்டது. அதற்கு வசவு வாங்கியவளும் கெங்கம்மாள்தான்.

பிறகு ஓமியோபதி. மெட்ராஸிலிருந்து ஒரு புஸ்தகமும் ஒரு பெட்டி நிறையச் சர்க்கரை உருண்டையும் தருவித்தார். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாளுக்குப் பல்வலி. இவர் கொடுத்த உருண்டையைத் தின்று அவள் கன்னம் பூரி மாதிரி உப்பிப்போய், தெருவில் நின்று இவர் வம்சத்தையே இழுத்து வைத்துப் பேசினாள். பெட்டி பரணுக்குப் போயிற்று. அடுத்தது ஆர்மோனியம். கலைந்துபோன நாடகக் கம்பெனிக்காரன் ஒருவனிடம் வாங்கியது. அதை அவர் அமுக்கியபோது தெரு நாய்கள் முதலில் குரைத்தன, அப்புறம் பழகிப்போய்ப் படுத்துக்கொண்டன. மனிதர்களுக்குத்தான் பழகவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் காலையில் அவர் கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார். திண்டிவனம் போகிற பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. சும்மா ஏறி உட்கார்ந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும், கீரைக்கட்டு வைத்திருந்த ஒரு பொம்பளை கோட்டைப் பார்த்துவிட்டு மூலையில் ஒடுங்கினாள். துரைக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுந்து போய், "டிக்கெட்" என்று கையை நீட்டினார். அவளிடம் இல்லை. திண்டிவனத்தில் இறக்கி, கேட்டில் ஒப்படைத்துவிட்டு, இட்லி சாப்பிட்டு, அடுத்த வண்டியில் திரும்பி வந்தார். அன்றைக்கு வீட்டில் இரண்டு தட்டுச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதிலிருந்து அதுதான் அவர் யாத்திரை, அதுதான் பொழுதுபோக்கு. காலையில் குளித்துத் திருநீறு பூசிக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முண்டியம்பாக்கம், பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெட்டி மாறி ஏறுவார். புல்லுக்கட்டுக்காரி, பனங்கிழங்கு விற்கிறவள், மயிலம் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிற கிழவன், இவர்கள்தான் அவர் பிடித்த திருடர்கள். பெரிய மனிதர்கள் போகிற செகண்டு கிளாஸ் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். யுத்தம் வந்து, வண்டி நிறையச் சிப்பாய்கள் வந்தபோது, அவர்கள் இருந்த பெட்டியைக் கண்டால் பிளாட்பாரத்திலேயே நின்று செருப்பு வாரைச் சரிபண்ணிக்கொள்வார்.

இதில் கேட்கவே வெட்கக்கேடான விஷயம் ஒன்று உண்டு. அவர் ஒரு நாளும் டிக்கெட் வாங்கினதில்லை. பழைய முகம், கறுப்புக் கோட்டு, யாரும் கேட்பதில்லை. கெங்கம்மாள் ஒரு தடவை கேட்டாள்.

"ஏங்க, தெனம் போய்க்கினு வந்துக்கினு இருக்கீங்களே, உங்களுக்கு யாருங்க டிக்கெட் எடுக்கறது?"

"எனக்கே டிக்கெட்டா?" என்று துரைக்கண்ணு சிரித்தார். "சாமிக்கே சூடம் ஏத்தறவன் நான். என்னிய எவன் கேப்பான்?"

அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்றைக்கே அவளுக்கு அவர்மேல் இருந்த மிச்சம் மீதி மரியாதையும் போய்விட்டது. ஆனாலும் அவர் காலையில் தொலைந்தால் மத்தியானம் வரைக்கும் வீடு வீடாக இருந்தது. அதனால் அவள் பேசாமல் இருந்துவிட்டாள். அந்தப் பேசாமையின் பலன் நாற்பத்துமூன்றாம் வருஷம் மாசி மாதம் வந்து சேர்ந்தது.

அவர்களுக்கு ஒரே பெண், சின்னபொண்ணு. திண்டிவனத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டி வைத்திருக்கிற முருகையனின் மகனுக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருந்தாள், ஏழாம் மாதம். வளையல் போட்டாயிற்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் புருஷன் வீட்டார் நாள் பார்த்து, "கூட்டிக்கினு போங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெண் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அதுவும் ஏழாம் மாதம் முடிவதற்குள் நடக்க வேண்டும். எட்டாம் மாதத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரியை வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

கெங்கம்மாளுக்கு இது வெறும் சம்பிரதாயம் இல்லை. அவளுடைய முதல் இரண்டு பிரசவமும் மாமியார் வீட்டில்தான் நடந்தன. அவள் அப்பன் ஏதோ கல்யாணத்தில் துரைக்கண்ணுவுக்கு முதல் பந்தியில் இலை போடவில்லை என்று இவர் முறுக்கிக்கொண்டு அவளை அனுப்பவில்லை. வலி எடுக்கும் வரை நெல் குத்தினாள். இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. மூன்றாவது தடவை, அவள் யாரையும் கேட்காமல் கிளியனூரில் இருந்த தாய் வீட்டுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தாள். அப்படிப் பிழைத்தவள்தான் சின்னபொண்ணு. இந்தப் பெண்ணையும் மண்டியில் மல்லாட்டை புடைக்கவிட்டு, பிள்ளையைச் சாகக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

முருகையன் ஒன்றும் தங்கமான மனிதர் இல்லை. மூட்டைக்கு இத்தனை என்று குடியானவன் வயிற்றில் அடித்துச் சேர்த்த தொந்தி அவருடையது. வாய் நிறைய வெற்றிலையும் மனசு நிறைய ரோஷமும் உள்ளவர். ஆனால் அன்றைக்கு நல்ல மனசோடுதான் கிளம்பினார். வாழைத்தாரும் பூவும் எடுத்துக்கொண்டு, நாள் குறித்துச் சொல்ல விழுப்புரம் வரப் புறப்பட்டார். ஸ்டேஷனுக்கு வந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. டிக்கெட் வாங்க நேரமில்லை, பணத்தை இறங்குகிற இடத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று ஓடி வந்து ஏறினார். ஏறிய பெட்டியில் துரைக்கண்ணு இருந்தார்.

அதன்பிறகு நடந்ததைக் கெங்கம்மாள் துரைக்கண்ணுவின் வாயாலேயே கேட்டாள். மத்தியானம் பதக்கம் வாங்கியவர் மாதிரி வீட்டுக்குள் வந்தார்.

"இன்னிக்கு யாரப் பிடிச்சேன் தெரியுமாடி? நம்ப சம்பந்திய!"

கெங்கம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "பிடிச்சீங்களா? அப்டீன்னா?"

"வாங்க சம்பந்தின்னு சிரிச்சிக்கினே வந்தாரு. டிக்கெட்டுன்னு கேட்டேன். வெளையாடறேன்னு நெனச்சிட்டாரு. எங்கிட்ட ஆளப் பாத்து ஒரு சட்டம், ஒறவப் பாத்து ஒரு சட்டம் கெடையாது. கேட்டாண்ட இட்டாந்து ஒப்படைச்சிட்டேன். கேட்டுல கும்பலான கும்பல். அத்தன பேரும் பாத்தாங்க, துரைக்கண்ணு யாருன்னு."

"அவரு எங்க இப்ப?"

"பணத்தக் கட்டிட்டு, வாழத்தார அங்கியே போட்டுட்டு, அடுத்த வண்டியில போயிட்டாரு. போம்போது, இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க என் வீட்டுலேருந்து யாரும் வரமாட்டாங்கன்னு கத்தினாரு. குத்தம் பண்ணவன் அப்டித்தான் கத்துவான். சோத்தப் போடு."

கெங்கம்மாள் சோற்றைப் போட்டாள். இந்த மனிதனுக்கு மகள் வயிற்றில் இருப்பது பேரப்பிள்ளை என்றுகூடத் தோன்றவில்லை, நாலு பேர் தன்னைப் பார்த்தார்கள் என்பதுதான் இனித்தது. சாப்பிட்டுவிட்டு அவர் ஏப்பம் விட்டுப் படுத்துத் தூங்கினார்.

மறுநாள் அவர் கிளம்புவதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள். தனியாக ரயில் ஏறினது அதுதான் முதல் தடவை. டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறி, திண்டிவனத்தில் இறங்கி, நேராக மண்டிக்குப் போனாள். சின்னபொண்ணு கொட்டடியில் உட்கார்ந்து மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

முருகையன் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"பொண்ண அனுப்ப மாட்டேம்மா. திருட்டுப் பயலோட மருமவ எதுக்கு யோக்கியன் வீட்டுக்குப் போவணும்? இங்கியே பெத்துக்கட்டும்."

கெங்கம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். தான் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். அவர் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, "ஊரு பூரா சிரிக்குது. நான் பேஜாருல இருக்கேன்" என்றார். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. புருஷனைக் காட்டிக் கொடுத்தாள்.

"யோக்கியன்னு யாரச் சொல்றீங்க சம்பந்தி? ரிட்டயர் ஆனதுலேருந்து அவரு தெனம் இந்த வண்டியிலதான் வர்றாரு, போறாரு. ஒரு நாளு ஒரு டிக்கெட் எடுத்தது கெடையாது. அவருகிட்ட இருக்கறது கோட்டு மட்டுந்தான். அதுவும் திருட்டுக் கோட்டு."

முருகையன் மூட்டையிலிருந்து எழுந்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, வியாபாரி புத்தி வந்து, சிரிப்பை நிறுத்தினார்.

"சரி. பொதன்கெழம காலை வண்டியில அவர இட்டுக்கினு வாங்க. இங்க கேட்டுக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காரு, எனக்குப் பழக்கம், உங்க ஊட்டுக்காரரத் தெரியாது. நான் மண்டி ஆளுங்களோட வந்து கேட்டாண்ட நிப்பேன். உங்க ஊட்டுக்காரரு எல்லாரும் மாதிரி டிக்கெட்ட நீட்டிட்டு வெளிய வரணும். வந்தா அன்னிக்கே பொண்ண அனுப்பறேன். இல்லாம வந்து மாட்டினாருன்னா, என்ன எப்டி நிக்க வெச்சாரோ அப்டியே நிக்க வைப்பேன், பொண்ணும் வராது."

இவரும் அவருக்குச் சளைத்தவர் இல்லை என்று கெங்கம்மாள் நினைத்தாள். ஒரு பெண்ணின் உயிரை வைத்துக்கொண்டு இரண்டு கிழவர்கள் யார் மீசை பெரியது என்று பார்க்கிறார்கள். ஆனால் டிக்கெட் எடுப்பது அப்படி என்ன மலையா? சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் வந்து எல்லாவற்றையும் சொன்னபோது துரைக்கண்ணு தாண்டிக் குதித்தார். புருஷன் மானத்தைத் திண்டிவனம் சந்தையில் விற்றுவிட்டாயே என்றார். கடைசியில், மகளைப் பார்க்க வருகிறேன், ஆனால் டிக்கெட் என்ற பேச்சை எடுக்காதே என்றார். அவள் எடுக்கவில்லை. புதன்கிழமை காலையில் தானே ஜன்னலில் போய் இரண்டு டிக்கெட் வாங்கி, ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். பிளாட்பாரத்தில் தெரிந்தவர்கள் நாலு பேர் நின்றார்கள்.

"எனக்கா? எனக்கா டிக்கெட்டு?" என்று துரைக்கண்ணு அதைக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டார். "என்னிய எந்த ஸ்டேஷன்ல எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

இன்னொன்று வாங்க ஓடலாமென்றால் கார்டு கொடி காட்டிவிட்டார். ஏறினார்கள். வழியெல்லாம் அவர் எதிரே இருந்தவர்களிடம், யுத்த காலத்தில் டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவன் சர்க்காருக்குத் துரோகி என்று பிரசங்கம் பண்ணிக்கொண்டு வந்தார். கெங்கம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, முருகையன் மறந்து தொலைய வேண்டும், வராமல் இருக்க வேண்டும் என்று மயிலத்து முருகனுக்கு வேண்டிக்கொண்டாள்.

முருகையன் மறக்கவில்லை. வண்டி திண்டிவனத்தில் நின்றபோது கேட்டுக்கு அந்தாண்டை மண்டி ஆட்கள் புடைசூழ நின்றார். கேட்டில் கண்ணாடி போட்ட புது டிக்கெட் கலெக்டர், முகம் தெரியாதவர், ஒருவரையும் விடாமல் கை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தார். துரைக்கண்ணு எட்டிப் பார்த்தார். பிரசங்கம் நின்றது. சட்டென்று கோட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து தண்டவாளத்தில் இறங்கப் பார்த்தார். அவர் இத்தனை வருஷம் பிடித்த கீரைக்காரிகள் எப்படி இறங்குவார்களோ அதே மாதிரி, வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு காலைக் கீழே விட்டார்.

கெங்கம்மாள் அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அந்தாண்ட எறங்கினா அங்க நிக்கறவங்க பாக்க மாட்டாங்களா? இந்தாங்க" என்று தன் டிக்கெட்டை நீட்டினாள்.

அவர் வேண்டாம் என்று சொல்லுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. 'அப்போ உனக்கு?' என்றாவது கேட்பார் என்று ஒரு ஓரத்தில் நினைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, கோட்டை மறுபடியும் மாட்டி, பொத்தான் போட்டு, இறங்கி முன்னால் நடந்தார். கேட்டில் டிக்கெட்டை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்துக் கொடுத்துவிட்டு, முருகையன் எதிரே போய் மார்பை நிமிர்த்தி நின்றார்.

"பாத்துக்குங்க சம்பந்தி. எங்கிட்ட எப்பவும் சுத்தம்."

முருகையன் முகம் தொங்கிப்போயிற்று. அதற்குள் பின்னால் கலெக்டரின் குரல் கேட்டது.

"டிக்கெட் எங்கம்மா?"

"இல்லீங்க" என்றாள் கெங்கம்மாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கலெக்டர் கூடத் தயங்கினார். நல்ல புடவை, மஞ்சள் பூசிய முகம், கையில் மகளுக்கென்று பூ. "கூட யாராச்சும் வந்திருக்காங்களா? சார், உங்க கூட வந்தவங்களா?" என்று துரைக்கண்ணுவைப் பார்த்துக் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். துரைக்கண்ணு ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"ரூல்ஸ்படி செய்யுங்க சார்" என்றார்.

கெங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது. இலையில் புழுவைக் கண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இந்த ஆளுக்கு இத்தனை வருஷம் சமைத்துப் போட்ட கையை எங்கே கழுவுவது என்று நினைத்தாள். புல்லுக்கட்டுக்காரி ஒருத்தி ஏற்கெனவே ஓரமாக நிறுத்தப்பட்டிருந்தாள். கெங்கம்மாள் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

முருகையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மனுஷன் மண்டி வைத்துப் பிழைக்கிறவர், தராசில் யார் விரலை வைத்தார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். வெற்றிலையைத் துப்பிவிட்டு, கலெக்டரிடம் போய், கெங்கம்மாளுக்கும் அந்தப் புல்லுக்காரிக்கும் சேர்த்துப் பணம் கட்டினார். பிறகு கெங்கம்மாள் எதிரே வந்து மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சம்பந்தியம்மா, பொண்ண மாட்டு வண்டியில உக்கார வெச்சித் தயாரா கொண்டாந்திருக்கேன். நீங்க கூட்டிக்கினு போங்க. நான் உங்களோடதான் அனுப்பறேன். வேற யாரோடயும் இல்ல."

துரைக்கண்ணு காதில் அது விழுந்தது. விழாத மாதிரி கோட்டில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டார்.

விழுப்புரம் வண்டி வர நேரம் இருந்தது. முருகையனே ஜன்னலுக்குப் போய் டிக்கெட் வாங்கி வந்தார். சின்னபொண்ணுக்கு ஒன்று, கெங்கம்மாளுக்கு ஒன்று. துரைக்கண்ணு மூன்றாவதுக்காகக் கையை நீட்டுவதா வேண்டாமா என்று பாதி நீட்டி நின்றார். முருகையன் இரண்டையும் கெங்கம்மாள் கையில் வைத்துவிட்டு, கேட்டில் கலெக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அங்கேயே நின்றுகொண்டார். போகிறவர்களையும் அந்தக் கண்ணாடிக்காரர் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவும் மகளும் பொம்பளைப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். கெங்கம்மாள் மகளின் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்து வீக்கத்தைத் தடவிப் பார்த்தாள். விசில் ஊதி வண்டி நகர்ந்தது. கேட்டுக்கு வெளியே கறுப்புக் கோட்டு நின்றுகொண்டிருந்தது. டிக்கெட் ஜன்னல் பத்தடி தூரத்தில் இருந்தது. அங்கே போய், எல்லோரும் பார்க்க, விழுப்புரத்துக்கு ஒன்று என்று கேட்கிற தைரியம் அந்தக் கோட்டுக்குள் இல்லை. அன்று சாயங்காலம் அவர், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓட்டிய கரி பஸ்ஸில் நின்றுகொண்டே, முகமெல்லாம் புகையாக வந்து சேர்ந்தார் என்பது வேறு விஷயம்.

"அம்மா, அப்பா ஏறலியே!" என்று சின்னபொண்ணு பதறி எழுந்தாள்.

"குந்து. வயித்துப்புள்ளக்காரி ஓடற வண்டியில எழுந்திருக்கக் கூடாது."

"அவர உட்டுட்டா போறது?"

"உன்ன இட்டாரத்தான் வந்தேன்" என்றாள் கெங்கம்மாள். "அவரு யாரோ. எங்கூட வந்தவரு இல்ல."

சின்னபொண்ணு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து, கால்களை மறுபடியும் அவள் மடியில் நீட்டிக்கொண்டாள். கெங்கம்மாள் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்து, மகளுக்கு உருட்டி உருட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள்.